பயிற்சி ஆசிரியர்கள் பள்ளியை முன்கூட்டியே பார்க்க ஒரு நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரை செல்லூரில் வசிக்கிறேன். நகருக்கு வெளியே உள்ள ஒரு கல்வியியல் கல்லூரிக்குத் தினமும் பேருந்தில் போய்வரும் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. கணிதம் என் பாடம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் திங்கட்கிழமை முதல் 16 வாரங்களுக்கு நானும் என் வகுப்புத் தோழர்களும் வெவ்வேறு பள்ளிகளில் பயிற்சி ஆசிரியர்களாகப் பணியாற்ற இருக்கிறோம். அதற்கு முன்னதாக ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பள்ளிக் கல்வித் துறையின் பார்வைக்கும் கல்வியியல் கல்லூரிகளின் பார்வைக்கும் கொண்டுசெல்ல விரும்புகிறேன். கோரிக்கை மிகச் சிறியது. ஆனால் அது ஏன் எழுந்தது என்பதைச் சொல்லாமல் கேட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதால் கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

2015ஆம் ஆண்டுக்கு முன் பி.எட். ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி அது ஈராண்டுப் படிப்பானபோது, பள்ளியில் செலவிட வேண்டிய காலம் முதலாண்டில் 4 வாரங்கள், இரண்டாமாண்டில் 16 வாரங்கள் என மொத்தம் 20 வாரங்களாக வகுக்கப்பட்டது. இதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. முதலாண்டின் 4 வாரங்களில் மூத்த ஆசிரியர்களின் வகுப்புகளைப் பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்க வேண்டும் என்பதும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறை உள்ள ஒரு பள்ளிக்குள் கையில் சாக்பீஸோடு ஒரு பயிற்சி ஆசிரியர் நுழைந்தால், அவரைப் பின்வரிசையில் உட்கார வைக்கும் வசதி எந்தத் தலைமை ஆசிரியருக்கும் இருப்பதில்லை.

எங்கள் அன்றாடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.எட். என்றால் பொழுதுபோக்காகப் படிக்கும் படிப்பு என்ற எண்ணம் உறவினர்களிடையே இன்னும் இருக்கிறது. உண்மையில் எங்கள் நாளின் பெரும்பகுதி எழுதுவதிலேயே போகிறது. பாடக்குறிப்பு, உளவியல் சோதனைகளுக்கான ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, அலகுத் தேர்வுக்கான வினாத்தாள் வடிவமைப்பு, உற்றுநோக்கல் பதிவேடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு நோட்டுக்கும் பழுப்பு அட்டை போட்டு, பக்க ஓரத்தில் கோடு கிழித்து, பொருளடக்கம் எழுதி, பேராசிரியரின் கையொப்பம் வாங்க வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவதைக் 'கமிஷன்' என்போம். ஒரு மாணவி கெட்ட கனவு கண்டு எழுந்தாள் என்றால் அந்தக் கனவில் வந்தது பெரும்பாலும் கமிஷனாகத்தான் இருக்கும். இவை போக, சார்ட்டுகள், மின்னட்டைகள் (ஃப்ளாஷ் கார்டுகள்), அட்டையில் செய்த கோணமானி, சுருட்டி எடுத்துச் செல்லும் ரோல்-அப் போர்டு ஆகியவற்றையும் சுமந்துகொண்டு பெரியார் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ஏறினால், நடத்துநர், "தாயி, அந்தச் சார்ட்டக் கொஞ்சம் உள்ள இழு, யார் கண்ணையாவது குத்திரப் போகுது" என்று சொல்லாத நாள் கிடையாது. என் தோழி ஒருத்தி தன் சார்ட்டுகளை மழைக்கு நனையாமல் காக்கத் தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றி எடுத்து வருவாள். ஒரு முறை பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் அதைக் கோயில் குடை என்று எண்ணி எந்த ஊர்த் திருவிழா என்று விசாரித்தார்.

கல்லூரிக்குள் எங்களுக்குத் தரப்படும் முன்பயிற்சி நுண்ணிலைக் கற்பித்தல் எனப்படும். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. நம் நாட்டில் பின்பற்றப்படும் வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடங்களில் முடியும்: 6 நிமிடம் கற்பிக்க வேண்டும், 6 நிமிடம் குறைநிறைகளைக் கேட்க வேண்டும், 12 நிமிடத்தில் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டும், பிறகு மறுபடி 6 நிமிடம் கற்பித்து, 6 நிமிடம் கேட்க வேண்டும். வினா கேட்டல், வலுவூட்டல், கரும்பலகையைப் பயன்படுத்துதல் என ஒவ்வொரு திறனையும் தனித்தனியே பிரித்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், மாணவர்களாக எதிரில் அமர்ந்திருப்பவர்கள் எங்கள் தோழிகளே. முதுகலை முடித்துவிட்டு வந்த ஒருத்தி சுண்டுவிரலைத் தூக்கிக்காட்டி, "டீச்சர், வெளிய போகட்டுமா?" என்று மழலையில் கேட்பாள்; எல்லோரும் சிரிப்போம். நான் கேட்கும் கேள்விக்கு விடை தெரிந்தும் வேண்டுமென்றே தவறாகச் சொல்லி, நான் திருத்துவதற்கு வாய்ப்புக் கொடுப்பார்கள். நிஜமான எட்டாம் வகுப்பில் அப்படி யாரும் ஒத்துழைப்பதில்லை.

முதலாண்டில் எங்கள் பயிற்சிப் பள்ளிகளின் பட்டியல் வெளியான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்லூரி முற்றத்தில் சமத்துவப் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. துறைக்கு ஒரு பானை. கணிதத் துறையின் பானை ஈர விறகால் புகைந்துகொண்டே இருந்ததால், தமிழ்த் துறையினர் பொங்கி முடித்துக் குலவை இட்ட பிறகும் நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம். ஒருவழியாகப் பால் பொங்கி வந்த நேரத்தில், அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள் என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். கரண்டி பிடித்திருந்தவள் உட்பட எல்லோரும் பலகையை நோக்கி ஓடிவிட்டோம். சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துப்போனது. பட்டியலில் இருந்தவை மூன்றே தகவல்கள்: பெயர், பள்ளி, சேர வேண்டிய தேதி. எந்த வகுப்பு, எந்தப் பாடப்பகுதி, வழிகாட்டி ஆசிரியர் யார், பள்ளியில் காலை வழிபாடு எத்தனை மணிக்கு என்பது எதுவும் இல்லை. பொங்கல் விடுமுறையில் உறவினர்கள் எல்லோரும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஏழாம் வகுப்புக்கு ஐந்து பாடக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு என்பது என் ஊகம்.

எனக்குக் கிடைத்தது திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளி. அம்மா கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிக் கொடுத்த சுங்குடிச் சேலையில், கொசுவம் கலையாமல் இருக்க நான்கு ஊக்குகளைக் குத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்று இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பத்தாவது நிமிடத்தில் எட்டாம் வகுப்புக்குள் அனுப்பப்பட்டேன். 52 பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சிறிது நேரம் அவர்களும் நின்றார்கள், நானும் நின்றேன். பிறகு கையில் இருந்த ஏழாம் வகுப்புக் குறிப்பையே பார்த்து எதையோ எழுதத் தொடங்கினேன். பலகையின் பாதியைத் தாண்டியதும் பின்வரிசையில் இருந்து ஒரு பையன், "டீச்சர், எங்க சார் கீழ்ப் பாதியில எழுத மாட்டாரு, இங்க இருந்து தெரியாது" என்றான். வலப்பக்கம் எழுதினால் சன்னல் வெளிச்சத்தில் கண் கூசும் என்றாள் இன்னொருத்தி. இரண்டாம் பாடவேளையில் பள்ளியை ஒட்டிய தண்டவாளத்தில் ரயில் போயிற்று. அந்த ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை என்பது அந்த வகுப்பின் வழக்கமாம். தெரியாமல் நான் உரத்த குரலில் பேசிக்கொண்டே இருந்தேன். மாலையில் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் வகுப்பு எடுக்கக் குரல் இல்லை.

தலைமை ஆசிரியர் மீதோ அந்தப் பள்ளியின் மீதோ எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் என்னை அன்போடு நடத்தினார்கள். மதிய உணவில் தங்கள் குழம்பில் பங்கு கொடுத்தார்கள். என் கேள்வி எல்லாம், பலகையின் கீழ்ப் பாதி, சன்னல் வெளிச்சம், ரயில் நேரம் ஆகிய மூன்றையும் முன்னதாக ஒரே ஒரு நாள் போய் உட்கார்ந்திருந்தால் தெரிந்துகொண்டிருக்க மாட்டேனா என்பதுதான்.

இரண்டாம் வாரத்தில் நிலைமை சீரானது. எட்டாம் வகுப்பின் நேரம்–வேலைக் கணக்குகளைத் திருப்புதலாக எடுக்கச் சொன்னார்கள். சுற்றிலும் மல்லிகைத் தோட்டங்கள் இருப்பதைப் பேருந்தில் வரும்போது கவனித்திருந்ததால், கொத்தனாரையும் சுவரையும் விட்டுவிட்டுப் பூவை வைத்துக் கணக்கு அமைத்தேன். ஒரு தோட்டத்துப் பூவை 4 பேர் 3 மணி நேரத்தில் பறித்தால், 6 பேர் எவ்வளவு நேரத்தில் பறிப்பார்கள்? 2 மணி நேரம் என்று பல குரல்கள் வந்தன. 2 பேர் மட்டும் பறித்தால்? 6 மணி நேரம். என் முகத்தில் வெற்றிப் புன்னகை வந்திருக்க வேண்டும். அப்போது முன்வரிசையில் இருந்த சிறுமி கையைத் தூக்கினாள். "ஆறு மணி நேரம்லாம் பறிக்க முடியாது டீச்சர். வெயில் ஏறிரும். மாட்டுத்தாவணிக்குப் பூ போய்ச் சேர்றதுக்குள்ள வெலை எறங்கிரும். ஆள் கெடைக்கலைன்னா எங்கம்மா பாதிச் செடியோட விட்டுட்டு வந்திரும்." அவளும் விடியற்காலையில் தாயுடன் பூப்பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது; முதல் பாடவேளையில் அவள் தூங்கி விழுவதை ஒரு வாரமாக நான் அக்கறையின்மை என்று உற்றுநோக்கல் பதிவேட்டில் எழுதிவைத்திருந்தேன். அன்று மாலை அந்த வரியை அடித்தேன். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்று கல்லூரியில் கடிந்துகொண்டார்கள்.

பயம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போகிறோம் என்று தெரிந்தவுடன் அறிவுரைகள் நாலா பக்கமிருந்தும் வருகின்றன. கல்லூரியில் அக்காமார்கள், "மொத நாளே சிரிச்சிராத, அப்புறம் ஒன்ன மதிக்க மாட்டாங்க" என்கிறார்கள். என் அப்பத்தா, கையில் பிரம்பு இல்லாமல் பிள்ளைகள் அடங்குவார்களா என்று கேட்கிறார். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். சட்டம் அவரிடம் எடுபடவில்லை. ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழாவுக்கு அவரைப் புட்டுத்தோப்புக்கு அழைத்துப்போனபோது, வந்திக் கிழவிக்காக மண் சுமக்க வந்த சொக்கநாதர் மீது பாண்டியன் வீசிய பிரம்படி, அந்த மன்னன் முதுகு உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்த கதையை அவரே எனக்குச் சொன்னார். "நீயே சொல்லிட்ட பாரு அப்பத்தா" என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, அது சாமி, இது எட்டாங்கிளாஸ் என்றார்.

உண்மையில் எங்களில் பெரும்பாலோருக்குப் பயம் பிள்ளைகளிடம் இல்லை. தெரியாத கட்டடத்தில், தெரியாத ஆசிரியர் அறையில், எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பதில்தான் பயம் இருக்கிறது. எந்தப் பாடம் நடத்த வேண்டும் என்று தெரியாமல் இரவு முழுக்க எழுதிய குறிப்பு மறுநாள் வீணாகும் என்பதில் இருக்கிறது.

இந்த ஆண்டும் அதுவே நடந்திருக்கிறது. பட்டியல் வந்தது காலாண்டு விடுமுறைக்கு மூன்று நாட்களுக்கு முன்; தகவல்கள் அதே மூன்று. விடுமுறைக்கு இரண்டு நாட்களுக்கு முன் கல்லூரியில் சரஸ்வதி பூஜை கொண்டாடினோம். கூடத்தில் மாக்கோலம் போட்டு, சரஸ்வதி படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்தி, அதன்முன் எல்லோருடைய நோட்டுகளையும் அடுக்கி, சாக்பீஸ் பெட்டிக்கும் டஸ்டருக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலையும் சுண்டலும் படைத்தோம். பூஜையில் வைத்த நோட்டை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது வழக்கம். சின்ன வயதில் அந்த வழக்கம் எவ்வளவு இனித்தது! இந்த முறை ஆளாளுக்குத் தயங்கினார்கள். பாடக்குறிப்பு முடிக்காத என் தோழி, அட்டை மட்டும் போட்ட ஒரு வெற்று நோட்டைப் பூஜையில் வைத்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த நோட்டைக் கைப்பைக்குள் மறைத்துக்கொண்டாள். "சரஸ்வதி மன்னிச்சிருவா, கமிஷன் மன்னிக்காது" என்றாள். பூஜை முடிந்து கும்மி அடித்தபோது அவளும் ஆடினாள், கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமல்.

மறுநாள், பள்ளிகளில் காலாண்டுத் தேர்வின் கடைசி நாள். நானும் இன்னும் இரண்டு தோழிகளும் அவரவர்க்கு ஒதுக்கப்பட்ட பள்ளிகளைத் தாங்களாகவே போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். என் பள்ளியில் தலைமை ஆசிரியர் அம்மையார் கால் மணி நேரம் ஒதுக்கினார். தேர்வு முடிந்து பிள்ளைகள் மைக்கறைக் கையோடு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவும் ஏழாம் வகுப்பும் எனக்கு வரும் என்று சொன்னார். பாட அட்டவணையை அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார். வழிகாட்டி ஆசிரியரை அழைத்து அறிமுகம் செய்துவைத்தார். அவர் விடுமுறைக்குப் பின் தொடங்க வேண்டிய பாடத்தைக் காட்டி, பிள்ளைகள் வழக்கமாக எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பதையும் சொன்னார். பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு வகுப்பு என்பதால் பயிற்சி ஆசிரியர்களிடம் தருவதில்லை என்று அவர் சொன்னதால், அதற்காக எழுதத் தொடங்கியிருந்த குறிப்பை நிறுத்திவிட்டேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

என் தோழிகள் இருவரில் ஒருத்திக்கும் இதே அனுபவம். இன்னொருத்தியை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேரும் தேதிக்கு முன் யாரையும் உள்ளே விட அனுமதிக் கடிதத்தில் இடமில்லை என்றார்களாம். அவர்கள் செய்தது தவறென்று சொல்ல முடியாது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் முன்பின் தெரியாதவர்களை அனுமதிக்க மறுப்பது பள்ளியின் கடமை. அவள் இப்போது ஆறு முதல் ஒன்பது வரை நான்கு வகுப்புகளுக்கும் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பயிற்சிக்கு மாணவர்களை அனுப்ப முதன்மைக் கல்வி அலுவலர் வழங்கும் அனுமதி ஆணையில், சேரும் தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பு பயிற்சி ஆசிரியர் கல்லூரி அடையாள அட்டையுடன் ஒரு முழு நாள் பள்ளிக்கு வந்து வகுப்புகளைப் பார்வையிடலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அந்த நாளில் வகுப்பு, பாடப்பகுதி, வழிகாட்டி ஆசிரியர் ஆகிய விவரங்களைப் பள்ளி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். கல்லூரிகளும் பட்டியலை அதற்கேற்ப முன்கூட்டியே வெளியிட வேண்டும். இதற்குத் தனியாக நிதி எதுவும் தேவையில்லை. சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் எங்களில் பலருக்குப் பேருந்துச் செலவும் இல்லை. ஆண் தோழர்களுக்கு ஒரு நாள் பயணச்சீட்டு ஆகும், அவ்வளவே.

பள்ளிகளின் தரப்பிலும் இதில் ஆதாயம் உண்டு. 16 வாரங்கள் என்று கணக்கு இருந்தாலும், இந்த ஆண்டு எங்கள் பயிற்சிக் காலத்தின் குறுக்கே தீபாவளியும் அரையாண்டுத் தேர்வும் அதன் விடுமுறையும் பொங்கலும் வருகின்றன. அப்படி இருக்க, முதல் வாரத்தை வழி தேடுவதிலும் வகுப்பு மாற்றுவதிலும் செலவழிப்பது பிள்ளைகளின் பாடவேளையைத்தான் தின்கிறது. பி.எட். முடித்தவர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்குத் தகுதியானவர்கள் அல்லர் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்ட நிலையில், எங்கள் எதிர்காலம் ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும்தான் என்பது உறுதியாகிவிட்டது. தகுதித் தேர்வை எழுதி வேலைக்கு வருவதற்குள் நிஜப் பிள்ளைகளுக்கு முன் நிற்க எங்களுக்குக் கிடைக்கும் காலம் இந்தச் சில வாரங்களே.

எங்களுக்கு இனி இது பயன்படாது என்பதை அறிவேன். நாங்கள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிடுவோம். முதலாண்டு மாணவிகளின் பட்டியல் பொங்கலையொட்டி வரும். அதற்கான அனுமதி ஆணை இனிமேல்தான் தட்டச்சாகும் என்று எண்ணுகிறேன். அந்த ஒரு வரியை அதிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிக்கும் பள்ளிக்கும் சங்கடம் நேரக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி,
செல்லூர், மதுரை.